டிஸ்லெக்சியா என்று பிள்ளையிடம் யார் சொல்வது, பள்ளியில் யார் கேட்பது?

பிள்ளைக்கு டிஸ்லெக்சியா மாதிரி ஒரு கற்றல் குறைபாடு இருக்கிறது என்கிற பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இரண்டு விஷயம்தான். இதைப் பிள்ளையிடம் சொல்லலாமா, சொல்வதென்றால் யார் சொல்வது? பள்ளியில் போய் யார் பேசுவது? சிறப்புக் கல்வியாளராக வேலை பார்க்கிற நான் இரண்டையும் சேர்த்தே யோசிக்கச் சொல்வேன். தனக்கு என்ன பிரச்சினை என்று தெரியாத பிள்ளையால் தனக்கு வேண்டியதைக் கேட்க முடியாது. முதல் கேள்விக்கு எடுக்கிற முடிவு இரண்டாவதையும் பாதி தீர்மானித்துவிடுகிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற, ரிப்போர்ட்டில் டிஸ்லெக்சியா, டிஸ்கிராபியா, டிஸ்கால்குலியா என்று எழுதப்பட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். இவர்களுக்குப் புத்தியில் குறையில்லை. டிஸ்லெக்சியா என்றால் வாசிப்பில், டிஸ்கிராபியா என்றால் எழுத்தில், டிஸ்கால்குலியா என்றால் கணக்கில் வயதுக்கேற்ற வேகம் வராது. அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டிய முடிவுகள் வேறு, அதை இதோடு கலக்க வேண்டாம்.

எந்த வழி நல்லது என்று பார்க்க எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராபியா உள்ள ஒரு மாணவிக்கு விதிப்படி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும். தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு அந்த விதி தெரியவில்லை. மற்றவர்களிடம் வாங்கிய நேரத்திலேயே அவரிடமிருந்தும் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு நடந்தது அநியாயம், அதை எப்படிச் சரிசெய்வது என்று நீட்டை நடத்துகிற தேசியத் தேர்வு முகமை முடிவெடுக்க வேண்டும் என்று அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. மாணவியின் தவறு இதில் துளியும் இல்லை. ஆனால் தேர்வறைக்குள் அப்பா அம்மா வர முடியாது, சிறப்பாசிரியர் வர முடியாது, வக்கீலும் வர முடியாது. கண்காணிப்பாளர் தாளை வாங்க வரும்போது "எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, இதோ கடிதம்" என்று சொல்லவும், அவர் மறுத்தால் யாரைக் கூப்பிடச் சொல்வது என்று தெரிந்திருக்கவும் பிள்ளையைத் தயார் செய்கிற வழி எதுவோ, அதற்குத்தான் என் ஓட்டு.

சொல்லாமலே சமாளிப்பது

நம் வீடுகளில் அதிகம் பேர் எடுக்கிற முடிவு இதுதான். காரணங்கள் அற்பமானவை என்று ஒதுக்கிவிட முடியாது. சொந்தக்காரர்கள் காதுக்குப் போய்விடும், பெண் பிள்ளையென்றால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வரும், "எனக்குத்தான் டிஸ்லெக்சியாவாச்சே" என்று பையன் சாக்குச் சொல்ல ஆரம்பிப்பான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்றால் நானும் பெரிதாக விளக்கம் சொல்ல மாட்டேன். கூடுதல் பயிற்சி கொடுத்தாலே அந்த வயதில் போதும்.

ஆறாம் வகுப்புக்கு மேல் இந்த வழி வேலை செய்வதில்லை. விளையாட்டுப் பீரியடில் தன்னை மட்டும் தனி வகுப்புக்கு அனுப்புகிறார்கள் என்பதும், பக்கத்துப் பெஞ்சுப் பையன் எழுதி முடித்த பிறகும் தான் பாதியில் நிற்பதும் பிள்ளைக்குத் தெரியும். நாம் காரணம் சொல்லாவிட்டால் அவனே ஒன்றைக் கண்டுபிடிப்பான். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் கண்டுபிடிக்கிற காரணம் "நான் மக்கு" என்பதுதான். சாக்குச் சொல்வான் என்று பயப்படுகிற பெற்றோர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. 1995இல் வந்த பழைய சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அதைச் சேர்த்தது. அதன் கீழ் 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், எட்டு வயதுக்கு மேல் சான்றிதழ் தரலாம், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதித்துப் புதுப்பிக்க வேண்டும் என்றது. பதினான்கு வயதுப் பிள்ளையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், மணிக்கணக்கில் வாசிக்கவும் எழுதவும் வைத்துவிட்டு, "சும்மா ஒரு செக்கப்" என்று சொன்னால் நம்புமா? சொல்லாமலே வைத்திருந்த பிள்ளை இப்படித்தான் தெரிந்துகொள்கிறது. அதுவும் இல்லாவிட்டால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தன்னை மட்டும் தனி அறையில் உட்கார வைக்கும்போது.

உளவியலாளர் சொல்வது

பரிசோதனை செய்த உளவியலாளரே பிள்ளையை உட்கார வைத்துச் சொல்வது நகரங்களில் கிடைக்கிற வசதி. அவர் பதறாமல் சொல்வார், அம்மா அழுவதைப் பிள்ளை பார்க்க நேராது. டாக்டர் மாதிரி ஒருவர் "உன் புத்தியில் ஒன்றும் குறைச்சல் இல்லை" என்று சொன்னால் பிள்ளை நம்பும். அதையே அம்மா சொன்னால், அம்மா வேறு எப்படிச் சொல்வாள் என்று நினைத்துக்கொள்ளும்.

குறை என்னவென்றால், இது ஒரே ஒரு சந்திப்பில் முடிந்துவிடுகிறது. ரிப்போர்ட் முழுக்க எண்கள். பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போவது ஐக்யூ எண்ணை மட்டும்தான். 98 என்றால் ஏன் 100 இல்லை என்று வருஷக்கணக்கில் யோசிப்பார்கள். "கண்ணாடி போட்டுக்கொள்வது மாதிரிதான் இது" என்கிற விளக்கமும் அந்த அறையில் அடிக்கடி வருகிறது. எனக்கு அது பிடிக்காது. கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகிவிடும். இது அப்படி ஆகாது என்று பிள்ளை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும், அப்புறம் நாம் சொல்கிற வேறு எதையும் நம்பாது.

சிறிய ஊர்களில் இந்த வாய்ப்பே பலருக்கு இல்லை. கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்தான் கைக்கெட்டுகிற ஆள். அதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை. அடுத்து சொல்லப்போகிற வழிக்கு அவரே பொருத்தமானவர்.

விடைத்தாளை வைத்துக்கொண்டு பேசுவது

நான் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, பிள்ளையின் பழைய விடைத்தாள்களை எடுத்துப் பரப்ப வேண்டும். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம், சில வாரங்களுக்கு.

முதலில் தமிழ்த் தாள். தப்புகளைப் பிள்ளையே வகை பிரிக்கட்டும். ல, ள, ழ மாறுவது ஒரு குவியல். ர, ற இன்னொன்று. ன, ண, ந மற்றொன்று. புள்ளி விட்டுப்போனவை தனியாக. கொம்பும் காலும் இடம் மாறியவை தனியாக. 'கெ' என்று சொல்லும்போது க் ஒலிதான் முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முந்திக்கொள்கிறது. 'கொ'வில் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. கண், தங்கம், பகல் மூன்றிலும் க ஒன்றுதான், ஒலி மூன்று விதம். போதாததற்கு நாம் பேசுகிற தமிழ் வேறு, பாடப் புத்தகத்தில் இருக்கிற தமிழ் வேறு. இதையெல்லாம் மற்ற பிள்ளைகள் யோசிக்காமலே கடந்துவிடுகிறார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒலியைப் பிரித்து எழுத்தோடு பொருத்துகிற வேலை தானாக நடப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் முயற்சி போட வேண்டியிருக்கிறது. கண்ணில் கோளாறு இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. சிவப்பு மையில் சுழித்த நாற்பது தப்பும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும் என்று பார்க்கும்போது பிள்ளையின் முகம் மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆங்கிலத் தாளிலும் இதையே செய்யலாம். ஒரே ஒலியை ஏழெட்டு விதமாக எழுதுகிற மொழி என்பதால் அங்கே குவியல்கள் இன்னும் பெரிதாக இருக்கும்.

அடுத்தது போனில் பதிவு செய்வது. அறிவியலில் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வியை எடுத்து, வாயால் பதில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதே கேள்விக்குத் தேர்வில் எழுதிய பதிலைப் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பேசியதில் ஆறு கருத்து இருக்கும், எழுதியதில் இரண்டு வரி இருக்கும். "எனக்குத் தெரியும், எழுத்தில் வரமாட்டேங்குது" என்று அந்தப் பிள்ளையே சொல்லும். உளவியலாளர் பத்துப் பக்கத்தில் எழுதியதன் சாரமும் அதுதான். தன் வாயால் சொன்னதால் அது மறக்காது, பிறகு ஆசிரியரிடம் கேட்பதற்கும் அந்த வாக்கியமே உதவும். டிஸ்லெக்சியா என்ற பெயரை இந்தக் கட்டத்தில் சொன்னால் போதும்.

இந்த வழியில் கிடைக்கிற இன்னொரு லாபம் அப்பா. டிஸ்லெக்சியா குடும்ப வழியில் வருவது சகஜம். விடைத்தாள்களைப் பரப்பி வைத்திருக்கும்போது அந்தப் பக்கமாக வந்த அப்பா நின்று பார்த்துவிட்டு "நானும் இப்படித்தான் எழுதுவேன்" என்று சொல்வது அபூர்வமில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த நிபுணரும் ஈடாக மாட்டார்.

சில வீடுகளில் இது நடக்காது. தினமும் ராத்திரி ஹோம்வொர்க் சண்டையில் அம்மாவும் பிள்ளையும் களைத்துப்போயிருந்தால், அம்மா விடைத்தாளை எடுத்ததுமே பிள்ளை எழுந்து போய்விடும். ரிப்போர்ட்டைப் பெற்றோரே இன்னும் ஏற்கவில்லை என்றாலும் அது குரலில் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடங்களில் சிறப்பாசிரியரிடமோ பிள்ளைக்குப் பிடித்த சித்தி, மாமா யாரிடமோ ஒப்படைப்பது நல்லது.

ஒரே நிலையில் உள்ள மற்ற பிள்ளைகளோடு பழகவிடுவதும் உண்டு. கல்லூரிக்குப் போய்விட்ட ஓர் அண்ணனோ அக்காவோ பேசினால் பிள்ளை காது கொடுத்துக் கேட்கும். சென்னையில் 1991இலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருப்பதால் அங்கே இது சாத்தியம். மற்ற ஊர்களில் ஆள் தேட வேண்டும். கிடைத்தால் மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ளலாம், தனி வழியாக இதை நம்ப முடியாது.

தன்னைத் தெரிந்துகொள்வதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் பாசடேனாவில் உள்ள ஃப்ராஸ்டிக் மையம், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பெரியவர்களானபோது நன்றாக இருந்தவர்களையும் தடுமாறியவர்களையும் பிரித்துக் காட்டியவை ஐக்யூவும் மதிப்பெண்ணும் அல்ல. தன் குறையைத் தெரிந்து ஏற்றுக்கொண்டதும், தானே முன்வந்து செயல்பட்டதும், விடாமுயற்சியும், துணைக்கு ஆள் இருந்ததும்தான் அதிகம் சொல்லின.

பள்ளியில் யார் கேட்பது

இதில் ஒரு பகுதியைப் பற்றி விவாதமே வேண்டாம். சான்றிதழ் வாங்குவது, தேர்வுச் சலுகை கேட்டுத் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் அனுப்புவது, ஆணை வந்ததா என்று துரத்துவது எல்லாம் பெரியவர்கள் வேலை. பள்ளி தயங்கினால் 2016 சட்டத்தின் 16, 17ஆம் பிரிவுகளைப் பெற்றோர் படித்து வைத்திருப்பது நல்லது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது 16. கூடுதல் நேரம், பிள்ளை சொல்வதை எழுதித்தருபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது 17. பதிமூன்று வயதுப் பிள்ளையைச் சட்டம் பேச அனுப்ப வேண்டியதில்லை.

வகுப்பறைக்குள் தினமும் நடப்பது வேறு. அதற்கும் அம்மாவே போய்ப் பேசினால் ஆசிரியர் காதில் அது புகாராக விழுகிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆசிரியர் மாறும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கல்லூரியில் அம்மா பேச்சுக்கு இடமே இல்லை.

நேர் எதிர்ப்பக்கத்தில், பிள்ளையே கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவது. அமெரிக்கச் சட்டப்படி, சிறப்புக் கல்வி பெறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கூட்டம் போட்டுத் தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும். பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேசுவதென்றால் மாணவரையும் அழைத்தாக வேண்டும். சில பள்ளிகளில் கூட்டத்தை மாணவரே நடத்துகிறார். கேட்க நன்றாக இருக்கிறது. நம்மூரில் அதற்குச் சமமாகச் சிலர் நினைப்பது பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தை. இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. பின்னால் இருபது பெற்றோர் வரிசையில் நிற்பார்கள், கிடைப்பது மூன்று நிமிஷம், முன்னால் மதிப்பெண் பட்டியல். பிள்ளை வாயைத் திறக்காது, திறந்தாலும் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பிள்ளையே ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஒரே ஓர் ஆசிரியரிடம், தனியாகக் கொடுப்பது. அடிக்கிற ஆசிரியரிடம் வேண்டாம், சிரிக்கிற ஆசிரியரிடம் ஆரம்பிக்கலாம். எழுதுவதே கஷ்டம் என்கிற பிள்ளை சொல்லச் சொல்ல வீட்டில் யாராவது எழுதலாம், ஆனால் வார்த்தைகள் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். இந்த மாதிரி:

"வணக்கம் மிஸ். எனக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது. பாடம் புரிகிறது, வாயால் கேட்டால் சொல்லிவிடுவேன். போர்டில் இருப்பதை எழுதி முடிக்க எனக்கு மற்றவர்களைவிட நேரம் ஆகும். அழிப்பதற்கு முன்னால் முடிக்க முடியாவிட்டால் நண்பனின் நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி வேண்டும். திடீரென்று எழுந்து சத்தமாக வாசிக்கச் சொன்னால் பயமாக இருக்கிறது. எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொன்னால் தயார் செய்து வருவேன்."

கேட்டிருப்பது இரண்டே விஷயம், இரண்டும் ஆசிரியருக்குச் செலவில்லாதவை. முதல் கோரிக்கை இப்படித்தான் இருக்க வேண்டும். சின்னதாகக் கேட்டு, கிடைத்து, பழகிய பிள்ளைதான் பின்னால் தேர்வறையில் ஒரு மணி நேரத்தைக் கேட்கும்.

நம் பள்ளிகளில் பிள்ளை கேள்வி கேட்டாலே "எதிர்த்துப் பேசுறியா?" என்று ஆகிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. அதனால் வீட்டில் ஒத்திகை பார்ப்பது அவசியம். அப்பா கடுகடு சாராக நடிக்கட்டும். "மிஸ், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று ஆரம்பிக்கப் பழக வேண்டும். "அதெல்லாம் முடியாது போ" என்று பதில் வந்தால், வாதாடாமல் "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும். எப்போது பின்வாங்கிப் பெரியவர்களிடம் விஷயத்தை ஒப்படைப்பது என்று தெரிவதும் தனக்காகப் பேசுவதில் சேர்ந்ததுதான். அதற்கு மேல் தலைமையாசிரியரைப் பார்ப்பது பெற்றோர் பொறுப்பு.

எந்தச் சலுகை என்பதைப் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்வது

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வுக்கு முக்கியமாகக் கிடைப்பவை மூன்று: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. மூன்றையும் ஒட்டுமொத்தமாக வாங்கிவிடுவதுதான் பெற்றோரின் வழக்கம். கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்கிற நியாயம் புரிகிறது. ஆனால் பயன்படுத்துவது பிள்ளைதான்.

கூடுதல் நேரம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உதவும். எழுதுபவர் விஷயம் அப்படி இல்லை. கை வலித்து, எழுத்து உடைகிற பிள்ளைக்கு அவர் வரப்பிரசாதம். வாசிக்க மட்டும் தடுமாறுகிற, மெதுவாக எழுதினால் தானே முடித்துவிடுகிற பிள்ளைக்கு, முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் பக்கத்தில் பேனாவோடு காத்திருப்பதே பதற்றம். அதோடு சொல்லி எழுத வைப்பது தனித் திறமை. முழு வாக்கியமாக யோசித்து, எங்கே நிறுத்துவது, எங்கே பத்தி பிரிப்பது, கணக்கில் எந்த வரிக்குக் கீழே எது என்று வாயால் சொல்ல வேண்டும். காலாண்டுத் தேர்வில் எழுதுபவரோடு, அரையாண்டில் கூடுதல் நேரம் மட்டும் வைத்து எழுதிப் பார்க்கப் பள்ளியிடம் கேளுங்கள். இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளையே சொல்லட்டும், எது தனக்கு ஒத்துவருகிறது என்று.

மொழி விலக்கில் இன்னும் நிதானம் வேண்டும். எழுத்துப்பிழையால் தமிழில் மதிப்பெண் போகிறது என்று விலக்கு வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளை பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற, செய்யுளை ஒரு தடவை கேட்டே ஒப்பிக்கிற பிள்ளையாக இருக்கலாம். தமிழ் வகுப்பிலிருந்து எழுப்பிவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் மிச்சமிருக்கிற ஒரே சந்தோஷம் போய்விடும். மதிப்பெண்ணா சந்தோஷமா என்று பெற்றோர் மட்டும் முடிவெடுத்தால் எப்போதும் மதிப்பெண்தான் ஜெயிக்கும். பிள்ளையைப் பாதிக்கிற விஷயங்களில் பிள்ளையின் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்கிற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கூடத்தில் அதை நடைமுறைப்படுத்த இது நல்ல சந்தர்ப்பம்.

இவ்வளவும் கையில் இரண்டு மூன்று வருஷம் இருக்கிற பிள்ளைக்கு. ரிப்போர்ட் வந்ததே பத்தாம் வகுப்பில் என்றால் வரிசை மாறும். முதலில் விண்ணப்பம், கடைசித் தேதியைப் பள்ளி அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விடைத்தாள் வேலையை ஒரே தடவையாகச் சுருக்கி, போன் பதிவை மட்டும் செய்யுங்கள். எழுதுபவர் வேண்டும் என்று கேட்டிருந்தால் தினமும் பதினைந்து நிமிஷம் யாராவது எழுத, பிள்ளை சொல்லிப் பழகட்டும். ஆணை வந்ததும் அதன் நகல் ஒன்று ஹால் டிக்கெட்டோடு சேர்ந்து பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைக்கு வரி வரியாகப் படித்துக் காட்டிவிடுங்கள். முதல் தேர்வுக்கு முன்னால் மையத்துக்குப் போய், முதன்மைக் கண்காணிப்பாளர் யார், எந்த அறையில் உட்காருவார் என்று பிள்ளையையே கேட்க வையுங்கள்.